மெஷின் எப்போது ஒழுகுகிறது?

வாஷிங் மெஷின் அடியில் தண்ணீர் தேங்கினால், பல வீடுகளில் முதலில் காதில் விழுவது "டப் சீல் போயிடுச்சு சார்" என்பதுதான். டப் என்பது துணி சுற்றும் டிரம்முக்கு வெளியே தண்ணீரைத் தாங்கும் தொட்டி; டிரம்மைச் சுழற்றும் ஷாஃப்ட் (தண்டு) அதைத் துளைத்து வரும் இடத்தில் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர்தான் டப் சீல். சீல் போனால் அந்த ஷாஃப்ட்டைத் தாங்கும் பேரிங்கும் மாற்ற வேண்டும், அந்தச் செலவுக்குப் பேசாமல் புது மெஷினே வாங்கிவிடலாம் என்று பேச்சு மளமளவென்று நகர்ந்துவிடும். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் மெஷினை ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்காமல், பின் தகட்டைக் கழற்றாமல், தரையில் இருக்கும் ஈரத்தை மட்டும் பார்த்து அப்படிச் சொல்வதை என்னால் ஏற்க முடிவதில்லை. நல்ல நிலையில் இருக்கும் மெஷின்கள் இப்படித்தான் பழைய சாமான் கடைக்குப் போகின்றன. சில ரூபாய் பெறுமான ரப்பர் வாஷர் ஒன்று காய்ந்துபோனதுகூட அதற்குக் காரணமாக இருந்திருக்கலாம்.

தண்ணீர் தேங்கி நிற்கும் இடத்தை நம்பக் கூடாது. டப்பில் கசியும் நீர் அதன் வளைவிலேயே வழிந்து, கம்பியைப் பிடித்து, அடித்தகட்டின் விளிம்பு வரை போய், தரை எந்தப் பக்கம் சரிவோ அந்தப் பக்கம் வெளியே வரும். பின்னால் ஒழுகும் தண்ணீர் முன்னால் தெரியும். அதனால் எங்கே என்று தேடுவதற்கு முன் எப்போது என்று பார்க்க வேண்டும். தண்ணீர் ஏறும்போதா, டிரம் சுற்றும்போதா, அழுக்குத் தண்ணீர் வெளியேறும்போதா, ஸ்பின்னிலா, அல்லது மெஷின் சும்மா நிற்கும்போதா? இது தெரிந்தால் சந்தேகப்பட வேண்டிய பாகங்கள் இரண்டு மூன்றாகக் குறைந்துவிடும்.

ஆரம்பிக்கும் முன் மின்சாரம் பற்றி. தரையில் தண்ணீர் நிற்கும்போது மெஷின் உடம்பைத் தொடாதீர்கள். முதலில் மெயின் போர்டில் அந்த லைனை அணைத்துவிட்டு, பிறகு பிளக்கைப் பிடுங்குங்கள். ஒழுகும் நேரத்தில் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் தானாக அணையும் சுவிட்ச்) விழுகிறது என்றால், தண்ணீர் மோட்டார், பம்ப், ஹீட்டர் அல்லது வயர் இணைப்பு ஒன்றின் மேல் சொட்டுகிறது என்று பொருள். அந்த நிலையில் மெஷினை ஓட்டிச் சோதிக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கி, திறந்து, காயவிட்டுத்தான் பார்க்க வேண்டும். வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்பது தெரியாவிட்டால், மெஷினைத் தொடும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைப் பார்த்துவிடுங்கள்.

சோதனை ஓட்டத்துக்குத் துணி வேண்டாம், பவுடரும் வேண்டாம். மெஷினைச் சுவரிலிருந்து ஒரு முழம் முன்னால் இழுத்து, தரையை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, அடியிலும் சுற்றிலும் பழைய செய்தித்தாளை விரியுங்கள். வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைப் பத்துச் சொட்டு டிரம்முக்குள்ளேயே விடுங்கள். பவுடர் டிராயரில் விட வேண்டாம். தாளில் விழும் சொட்டு நீலமாக இருந்தால் அது டப்புக்குள் போய் வந்த தண்ணீர். நிறமில்லாமல் இருந்தால் டப்பை எட்டுவதற்கு முன்பே, அதாவது குழாய், அதிலிருந்து மெஷினுக்கு வரும் இன்லெட் ஹோஸ், மெஷினுக்குள் தண்ணீரை விட்டு நிறுத்தும் வால்வு, டிராயர் இவற்றில் ஒன்றிலிருந்து வந்தது. சோதனை முடிந்ததும் இரண்டு முறை அலசவிட்டால் நீலம் போய்விடும்.

தண்ணீர் ஏறும்போது ஒழுகினால்

நம் ஊர் வீடுகளில் நான் முதலில் சந்தேகப்படுவது மெஷினை அல்ல, குழாயை. சாதாரண அரை அங்குலக் குழாயின் மூக்கில் நாலு ஸ்க்ரூ வைத்து இறுக்கும் அடாப்டரை மாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். மெஷின் வால்வு தண்ணீரைச் சட்டென்று நிறுத்தும் ஒவ்வொரு முறையும் ஹோஸில் ஒரு அதிர்ச்சி அடிக்கும். அதில் அந்த நாலு ஸ்க்ரூவும் மெல்ல மெல்லத் தளரும். பிரஷர் பம்ப் உள்ள அடுக்குமாடிகளில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். அடாப்டரைத் திரும்பத் திரும்ப இறுக்குவதைவிட, முக்கால் அங்குல மரை உள்ள வாஷிங் மெஷின் குழாய் ஒன்றைச் சுவரில் மாட்டிவிடுவது நிரந்தரத் தீர்வு. சுவருக்குள் போகும் மரைக்கு டெஃப்லான் டேப் சுற்ற வேண்டும். ஹோஸ் நட்டுக்கு அது வேண்டாம், ஏனென்றால் அங்கே தண்ணீரைத் தடுப்பது உள்ளே இருக்கும் தட்டை ரப்பர் வாஷர். மரைக்கு அங்கே பிடித்துக்கொள்வது மட்டும்தான் வேலை. வாஷர் நசுங்கி இறுகிப்போயிருந்தால் எவ்வளவு டேப் சுற்றினாலும் சொட்டும். புது வாஷர் போட்டு, கையால் முட்டும்வரை திருகி, அதற்கு மேல் பிளேயரால் கால் சுற்று, அவ்வளவுதான். பிளாஸ்டிக் நட்டை அதற்கு மேல் முறுக்கினால் நட்டோ வால்வின் மரையோ விரிசல் விடும்.

ஹோஸ் வால்வில் சேரும் இடத்தில் சின்னச் சல்லடை ஒன்று இருக்கும். நோஸ் பிளேயரால் இழுத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, திரும்ப வையுங்கள். தண்ணீர் மெதுவாக வருகிறது என்று இதைக் கழற்றி எறிந்துவிடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் தொட்டி மணல் நேராக வால்வுக்குள் போய் அதை மூடும் டயஃப்ரம் ரப்பருக்கு அடியில் உட்காரும். பிறகு வால்வு முழுதாக மூடாது. மெஷின் அணைந்திருக்கும்போதும் சொட்டுச் சொட்டாக உள்ளே ஏறி, காலையில் பார்த்தால் டிரம்மில் தண்ணீர் நிற்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: டிரம்மைக் காலி செய்து, பிளக்கைப் பிடுங்கி, குழாயைத் திறந்து வைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். தண்ணீர் சேர்ந்தால் கோளாறு வால்வில்தான். மின்சாரமே இல்லாதபோது மெஷினின் எலக்ட்ரானிக் போர்டின் மேல் பழி போட முடியாது.

தொட்டி உயரமும் கணக்கில் வரும். பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம். தொட்டிக்கும் மெஷினுக்கும் மூன்று மீட்டர்தான் வித்தியாசம் என்றால் கிடைப்பது 0.3 பார். இந்த வகை வால்வுகள் தண்ணீரின் அழுத்தத்தைக் கொண்டே தம்மை மூடிக்கொள்கின்றன. அழுத்தம் போதாவிட்டால் புது வால்வும் சொட்டும். கீழ்த்தளம் மட்டுமே உள்ள வீடுகளில் வால்வை மாற்றியும் பிரச்சினை தீரவில்லை என்றால் இதைத்தான் பார்க்க வேண்டும்.

டிராயர் ஒழுகினால் அதற்கு அடியில், முன் தகட்டில், காய்ந்த வெள்ளைக் கோடு தெரியும். டிராயரை முழுதாக வெளியே எடுத்து, அது உட்காரும் குகையின் மேற்கூரையை டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் தூவும் துளைகள் உப்பால் அடைந்திருந்தால் பீச்சும் திசை மாறி முன்பக்கம் தெறிக்கும். டாப் லோடுக்கான (மேலே திறக்கும் மெஷினுக்கான) பவுடரை ஃப்ரண்ட் லோடில் (முன்னால் கதவு உள்ள மெஷினில்) போட்டாலும் இதே இடத்தில்தான் நுரை பொங்கி வழியும். அதற்குப் பழுது பார்க்க எதுவுமில்லை. பவுடரை மாற்றினால் போதும்.

நிறுத்திப் பார்ப்பது

முழுச் சோதனையிலும் முக்கியமான கட்டம் இதுதான். ஒழுகும் மெஷினைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் செய்யாமல் விடுவதும் இதைத்தான். தண்ணீர் ஏறி முடிந்து, டிரம் சுற்ற ஆரம்பித்ததும் பாஸ் பட்டனை அழுத்துங்கள். தண்ணீர் உள்ளேயே நிற்கும். ஃப்ரண்ட் லோடில் பம்ப் ஓடினால்தான் தண்ணீர் வெளியேறும். டாப் லோடில் டிரெயின் வால்வைத் திறக்கத்தான் கரண்ட் வேண்டும், மூடிக்கொள்ள ஸ்பிரிங் போதும். நிறுத்தியபின் தாளை மாற்றிவிட்டு இருபது நிமிடம் காத்திருங்கள். டார்ச்சோடு குனிந்து அடியில் பாருங்கள்.

ஃப்ரண்ட் லோடில் துவைக்கும்போது நிற்கும் நீர் மட்டம் மிகவும் தாழ்வு, கதவுக் கண்ணாடியின் கீழ் விளிம்பை ஒட்டித்தான் இருக்கும். டிரம்மைத் தாங்கும் ஷாஃப்ட்டும் அதன் சீலும் டப்பின் நடு மையத்தில், நீர் மட்டத்துக்கு வெகு மேலே இருக்கின்றன. ஆகவே டிரம் அசையாமல் நிற்கும்போது சொட்டுகிறது என்றால், அது டப் சீலாக இருக்க முடியாது. கதவு ரப்பரும் பெரும்பாலும் தப்பிவிடும். நிற்கும் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருப்பவை டப்பின் அடியில் பம்ப்புக்குப் போகும் தடித்த ரப்பர் ஹோஸ், அதன் கிளாம்ப், பம்ப், ஃபில்டர் மூடி, ஹீட்டர் நுழையும் இடத்து ரப்பர், டப்பின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தின் அடிப்பகுதி. தேட வேண்டியது இவற்றில் மட்டும்தான். வால்வு மூடாமல் டப் அளவுக்கு மேல் நிரம்பும்போது மட்டும் இது பொருந்தாது. அதை ஏற்கெனவே பார்த்தாயிற்று.

டாப் லோடில் கதை தலைகீழ். அங்கே ஷாஃப்ட் டப்பின் அடித்தளத்தைத் துளைத்துக்கொண்டு இறங்குகிறது. தண்ணீர் முழுவதும் அந்தச் சீலின் மேல்தான் நிற்கிறது. அது தேய்ந்திருந்தால் மெஷின் நின்றாலும் ஓடினாலும் சரியாக நடுவில், டப்புக்கு அடியில் இருக்கும் கிளட்ச்சின் மேல் சொட்டும். ஒரே "சீல்" என்ற பெயர், ஆனால் இரண்டு மெஷினிலும் அடையாளம் வேறு வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் ஃப்ரண்ட் லோடுக்கும் டப் சீல் என்று சொல்லிவிடுவதால்தான் தேவையில்லாமல் டிரம் பிரிக்கப்படுகிறது.

நின்றபோது சொட்டவில்லை, சுற்ற ஆரம்பித்ததும் சொட்டுகிறது என்றால் கதவு ரப்பர், அல்லது ஃப்ரண்ட் லோடின் ஷாஃப்ட் சீல். முதலில் பார்க்க வேண்டியது ரப்பரை.

கதவு ரப்பர்

இந்த ரப்பரின் மடிப்பை இரண்டு கையாலும் விரித்து, கீழ்ப்பாதியை, கடிகாரத்தில் 4 முதல் 8 வரை வரும் பகுதியை, டார்ச் வெளிச்சத்தில் அங்குலம் அங்குலமாகப் பாருங்கள். நாணயம், ஹேர்பின், பிரா கம்பி எல்லாம் வந்து சேரும் இடம் அது. கிழிசல் பெரும்பாலும் மடிப்பின் உள்மூலையில் இருக்கும், இழுத்துப் பிடித்தால்தான் வாயைத் திறக்கும். கிழிசலே இல்லாவிட்டால் கண்ணாடியை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். போர் தண்ணீர் ஓடும் வீடுகளில் ரப்பர் உரசும் வட்டத்தில் சுண்ணாம்பு சொரசொரப்பாகப் படிந்திருக்கும். ரப்பர் அதன் மேல் ஒட்டாது, மெல்லிய வாய்க்கால்போல வழி விடும். சிட்ரிக் அமிலம் கரைத்த வெந்நீரில் துணியை நனைத்துப் பத்து நிமிடம் ஒட்டவைத்துத் துடைத்தாலே பல கசிவுகள் அதோடு நின்றுவிடும். கதவைப் பாதி திறந்து மேலும் கீழும் அசைத்தும் பாருங்கள். கீல் தொய்ந்திருந்தால் கதவு ஒரு பக்கம் மட்டும் அழுந்தாமல் நிற்கும்.

கிழிந்த ரப்பரில் எம்-சீல், ஃபெவிக்விக் எதுவும் நிற்காது. ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நீளும் பொருளின் மேல் இறுகிப்போகும் பசை உடைந்து உதிரத்தான் செய்யும். மாற்றுவதுதான் வழி. பழகாதவர்களுக்கு மூன்று மணி நேரம், கூட ஓர் ஆள். மாடல் எண்ணைக் கதவுக்குள் ஒட்டியிருக்கும் சீட்டில் பார்த்து அதற்கே உரிய ரப்பரை வாங்குங்கள்.

ரப்பரின் முன் உதட்டைச் சுற்றி மெல்லிய கம்பி வளையம் இருக்கும். பல மாடல்களில் அடியில் ஒரு சின்ன ஸ்பிரிங்கோடு. ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து ஸ்பிரிங்கை நெம்பினால் வளையம் வந்துவிடும். உதட்டை உரித்து டிரம்முக்குள் தள்ளுங்கள். பிறகு கதவுப் பூட்டின் இரண்டு ஸ்க்ரூ, மேல்மூடியின் பின்பக்க ஸ்க்ரூக்கள், டிராயருக்குப் பின்னால் உள்ளவை, அடிப்பட்டை, கடைசியாக முன் தகடு. ஒவ்வொன்றையும் கழற்றும் முன் போட்டோ எடுத்துவிடுங்கள். இப்போது உள் கிளாம்ப் தெரியும், அதைத் தளர்த்தினால் ரப்பர் கையோடு வரும். வருவதற்கு முன் அதன் உச்சியில் இருக்கும் சின்ன முக்கோணக் குறி டப்பின் எந்தக் குறிக்கு நேராக இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். புது ரப்பர் அதே நேரில் உட்கார்ந்தால்தான் மடிப்பில் உள்ள வடிகால் துளைகள் சரியாக அடியில் வரும். டப்பின் உதட்டில் படிந்த சுண்ணாம்பையும் பாசியையும் துடைத்துவிட்டு, ரப்பர் வழுக்கி ஏற, பாத்திரம் கழுவும் லிக்விடைக் கொஞ்சம் தடவுங்கள். எண்ணெயோ கிரீஸோ கூடாது. இந்த ரப்பர் பெட்ரோலிய எண்ணெயில் ஊதிவிடும்.

உள் கிளாம்ப்பை இறுக்கியதும் விரலைச் சுற்றிலும் ஓட்டி, உதடு எல்லா இடத்திலும் பள்ளத்தில் விழுந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். புது ரப்பர் போட்டும் ஒழுகுகிறது என்று வரும் புகார்களுக்குப் பெரும்பாலும் காரணம், அடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு விரல் அகலத்தில் உதடு மேலேறி நிற்பதுதான். வெளி வளையத்தைப் போடும்போது மேலிருந்து ஆரம்பித்து இருபுறமும் இறங்கி வாருங்கள், ஸ்பிரிங் கடைசியில். ஒருவர் மேலே அழுத்திப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கீழே இழுத்து மாட்ட வேண்டும்.

வெளியேறும்போது ஒழுகினால்

ஃபில்டர் மூடியின் ஓ-ரிங்கில் (வட்ட ரப்பர் வளையத்தில்) ஒற்றைத் தலைமுடி சிக்கினால் போதும், கசியும். மூடியைத் திறக்கும் முன் பக்கத்தில் உள்ள சின்னக் குழாய் வழியாகத் தண்ணீரை வடித்துவிடுங்கள். அந்தக் குழாய் இல்லாத மாடலில் அடியில் தட்டை வைத்து மெல்லத் தளர்த்துங்கள், ஒன்றிரண்டு லிட்டராவது வரும். மரையையும் ரிங்கையும் துடைத்து, மூடியை நேராக வைத்துத் திருகுங்கள். கோணலாக ஏறினால் இறுகியதுபோலத் தோன்றும், ஆனால் ஓடும்போது சொட்டும்.

மெஷினில் கசிவே இல்லாமலும் தரை நனையும். டிரெயின் ஹோஸைப் பாத்ரூம் நானி டிராப்பில் (தரையில் உள்ள வடிகால் துளையில்) செருகியிருப்போம். அங்கே முடியும் சோப்புக் கசடும் அடைத்திருந்தால் பம்ப் தள்ளும் வேகத்துக்குத் தண்ணீர் இறங்காமல் எதிர்த்து வரும். ஒரு வாளி தண்ணீரை நானி டிராப்பில் ஒரே மூச்சில் ஊற்றிப் பாருங்கள். அது தேங்கினால் மெஷினை விட்டுவிட்டு பிளம்பரைக் கூப்பிட வேண்டியதுதான். ஃப்ரண்ட் லோடின் ஹோஸ் தரையிலிருந்து 60 முதல் 100 செ.மீ. வரை ஏறி இறங்க வேண்டும் என்பதும் முக்கியம். தாழ்வாகக் கிடந்தால் தண்ணீர் ஏற ஏற அதுவாகவே வடிந்துகொண்டிருக்கும்.

டாப் லோடில் இதுபோலத் தானாக வடிந்தால் டிரெயின் வால்வின் ரப்பரில் ஊக்கோ நூலோ சிக்கியிருக்கும். மெஷின் திரும்பத் திரும்பத் தண்ணீர் பிடிப்பதுதான் இதன் அடையாளம். வால்வு மூடியைத் திருகி, ரப்பரை வெளியே எடுத்துக் கழுவி மாட்டினால் சரியாகிவிடும். இன்னொரு எதிரி எலி. டாப் லோடின் அடிப்பக்கம் பெரும்பாலும் திறந்தே இருப்பதால் உள்ளே புகுந்து டிரெயின் ஹோஸின் மடிப்புப் பகுதியைக் கடித்துவிடும். ஹோஸை மாற்றும்போதே வயர்களையும் பாருங்கள், அடிக்கு எலி வலையும் மாட்டிவிடுங்கள். செமி ஆட்டோமேட்டிக்கில் ஸ்பின் டப்பின் அடியிலுள்ள மடிப்பு மடிப்பான பெல்லோ ரப்பர் கிழிந்தால் தண்ணீர் நேராக ஸ்பின் மோட்டார்மேல் சொட்டும். அதைக் கண்டால் அன்றே ஓட்டுவதை நிறுத்திவிட வேண்டும்.

வீடு மாறியபின் புதிதாக ஒழுகும் ஃப்ரண்ட் லோடுக்கு ஒரு தனிக் காரணம் உண்டு. டப்பை அசையாமல் பிடிக்க, பின்னால் போட வேண்டிய டிரான்ஸிட் போல்ட் இல்லாமல் வண்டியில் ஏற்றினால், கான்கிரீட் எடையோடு தொங்கும் டப் குலுங்கி ஹோஸ்களைப் பிடுங்கிவிடும். கிளாம்ப்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பாருங்கள்.

உண்மையிலேயே சீல் போயிருந்தால்

ஃப்ரண்ட் லோடின் பின் தகட்டைக் கழற்றுங்கள். சீல் போயிருந்தால் டப்பின் மையத்திலிருந்து கீழ்நோக்கி விசிறிபோல விரியும் பழுப்புத் துருக்கறை இருக்கும். ஸ்பின்னில் சுழலும் புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) அதைத் தகட்டின் உள்பக்கம் வட்டமாகத் தெறிக்கவிட்டிருக்கும். கூடவே ஸ்பின்னில் வண்டி ஏறுவதுபோல இரைச்சல் வரும், வெறும் கையால் டிரம்மைச் சுற்றினால் அரைக்கும் சத்தம் கேட்கும். கறையும் இல்லை, சத்தமும் இல்லை என்றால் சீலைச் சந்தேகிக்க வேண்டாம்.

இந்த வேலையை வீட்டில் செய்யலாம் என்று நான் சொல்ல மாட்டேன். டப் முழுவதையும் வெளியே எடுத்து, இரண்டாகப் பிரித்து, பழைய பேரிங்கை அடித்து இறக்கி, புதியதை நேராக ஏற்ற வேண்டும். சில மாடல்களில் டப்பை ஒட்டியே மூடியிருப்பார்கள், பிரிக்கவே வராது. அவற்றுக்கு டப்போடு சேர்த்துத்தான் மாற்ற முடியும். மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது மூன்றைக் கேளுங்கள். பேரிங் எண் என்ன, பழையதில் இருக்கும் எண்ணே புதியதிலும் இருக்கிறதா? 6205 என்றால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மி.மீ.; 6206 என்றால் 30, 62, 16. இரண்டு பேரிங்கையும் சீலையும் ஒன்றாகவே மாற்றச் சொல்லுங்கள். சீல் வழியாக வந்த தண்ணீர்தான் பேரிங்கைத் துருப்பிடிக்க வைத்தது, சீலை மட்டும் மாற்றினால் ஆடும் ஷாஃப்ட் புதுச் சீலையும் தின்றுவிடும். டிரம் வெளியே இருக்கும்போது, சீல் உதடு உரசும் ஷாஃப்ட் புஷ்ஷின் (ஷாஃப்ட்டைச் சுற்றிய உலோக வளையத்தின்) மேல் உங்கள் நகத்தை நீளவாக்கில் ஓட்டிப் பாருங்கள். நகம் ஒரு பள்ளத்தில் விழுந்தால், டிரம்மின் பின்னால் இருக்கும் அந்த மூன்று கை அலுமினியத் தாங்கியையும் மாற்றாமல் மூடவிடாதீர்கள். பள்ளம் இல்லாவிட்டால் சீல் உதட்டில் தண்ணீர் தாங்கும் கிரீஸைத் தடவச் சொல்லி, தடவுவதைப் பார்த்தபின் டப்பை மூடச் சொல்லுங்கள்.